மூழ்கியும் நனையாதவர்கள்

எங்கள் கல்லூரி நூலகத்தில் எனக்குப் பிறகு இப்போது பொறுப்பில் இருக்கும் ஜாஸ்மின் போன மாதம் என்னைப் போனில் கூப்பிட்டார். தூத்துக்குடியில் ஒரு பழைய வீட்டை இடிக்கப் போகிறார்களாம். அங்கே ஓர் அறை நிறைய வேதாகம வியாக்கியானப் புத்தகங்கள் இருக்கின்றனவாம். கல்லூரி வாங்கிக்கொள்ளுமா என்று வீட்டுக்காரர்கள் கேட்டிருக்கிறார்கள்.

"சார், இதுல பாதி போன்லயே ஓசியா கெடைக்கு. அலமாரியிலயும் எடமில்ல. வாங்கணுமா வேண்டாமான்னு எதை வச்சி சார் முடிவு பண்ணுறது? நீங்க எப்படிப் பாப்பிய?"

நான் சொல்ல ஆரம்பித்து நெடுநேரம் பேசிவிட்டேன். கடைசியில் அவர், "இதையெல்லாம் எழுதிக் குடுத்திருங்க சார், எனக்குப் பின்னால வாரவங்களுக்கும் ஆவும்" என்றார். எழுத உட்கார்ந்தால், முறைகள் சீக்கிரமே தீர்ந்துவிட்டன. மீதியெல்லாம் சாகுபுரத்தில் ஒரு வீட்டைப் பற்றியதாகப் போய்விட்டது. அந்த வீட்டை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சூடாகிறது.

என் சொந்த ஊர் புன்னைக்காயல். எங்கள் குடும்பத்தில் கடலுக்குப் போகாத முதல் ஆண்பிள்ளை நான். படகில் ஏறினால் எனக்குத் தலை சுற்றும். அதை வெளியே சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, படிப்பில்தான் ஆசை என்று சொல்லி வந்தேன். அம்மா நம்பினார். அப்பா நம்பவில்லை, ஆனால் காட்டிக்கொள்ளவில்லை. பாளையங்கோட்டையில் நூலகப் படிப்பு முடித்தேன். ஒரு பள்ளிக்கூடத்தில் சில காலம் தற்காலிகமாக இருந்தேன். பிறகு தூத்துக்குடியில் ஒரு இறையியல் கல்லூரியில் நூலகருக்கு ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டு விண்ணப்பித்தேன். அது சீர்திருத்த சபையாரின் கல்லூரி. நான் கத்தோலிக்கன். கிடைக்காது என்றுதான் நினைத்தேன்.

நேர்காணலில் முதல்வர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"மழைக்காலத்துல புஸ்தகத்த எங்க வைப்பீரு?"

"தரையிலேருந்து ஒரு முழம் மேல, சுவத்துலேருந்து ஒரு சாண் தள்ளி, ஐயா."

"திங்கக்கிழமை வாரும்" என்றார்.

எங்கள் பக்கத்தில் சீர்திருத்த சபைப் போதகரை ஐயர் என்பார்கள். அவர் மனைவி ஐயரம்மா. எங்கள் முதல்வரும் போதகர்தான் என்பதால் பிரின்சிபால் ஐயர் என்றே எல்லாரும் சொல்வோம். மெலிந்த ஆள். யாரையும் 'நீர்' என்றுதான் பேசுவார். அதில் மரியாதையும் இருக்கும், ஒரு கை தூரமும் இருக்கும். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைத்து முடிக்கும் வரை எதிரே இருப்பவன் நிற்க வேண்டும்.

ஓய்வு பெற்ற போதகர்கள், இறந்துபோன போதகர்களின் குடும்பங்கள், பழைய வியாபாரக் குடும்பங்கள் என்று யாராவது புத்தகம் விற்க வேண்டும் என்று சொல்லி அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். பார்க்கப் போவது நாங்கள் இருவரும்தான். கல்லூரி ஜீப்பை அவரே ஓட்டுவார். போனதும் வாசலில் செருப்பைக் கழற்றுவார், வேண்டாம் என்றாலும் கேட்கமாட்டார். உள்ளே போய்த் தண்ணீர் வாங்கிக் குடிப்பார். புத்தகத்தின் சொந்தக்காரர் எங்கே ஊழியம் செய்தார், என்ன வியாதியில் இறந்தார், கடைசியில் என்ன சொன்னார் என்றெல்லாம் விசாரிப்பார். புத்தகம் என்ற பேச்சே அதற்குப் பிறகுதான்.

முதல் தடவை அவரோடு போனபோது, ஒரு வீட்டில் தோல் அட்டை போட்ட புத்தகங்களை எடுத்துப் பார்த்தேன். தோல் பொடிந்து உள்ளங்கை முழுக்கச் சிவப்பாக ஒட்டிக்கொண்டது. நான் யோசிக்காமல் கைக்குட்டையை எடுத்துக் கையைத் துடைத்தேன். வெளியே வந்து ஜீப்பில் ஏறியதும் ஐயர் கண்ணாடியைக் கழற்றினார்.

"அவங்க அப்பா தொட்ட புஸ்தகம். அவங்க கண்ணு முன்னால கையத் தொடைக்காதேயும். ஜீப்புக்கு வந்து தொடையும்."

அன்றிலிருந்து தூசிக் கையோடுதான் எல்லார் வீட்டிலும் காபி குடித்தேன்.

பார்க்கும் முறை இதுதான். கண்ணுக்கு நேராக இருக்கும் தட்டை முதலில் பார்க்கக் கூடாது. விற்கிறவர்கள் நல்லதை அங்கேதான் அடுக்கியிருப்பார்கள். கீழ்த்தட்டில் தொடங்க வேண்டும். புத்தகத்தை எடுத்ததும் முகர வேண்டும். எங்கள் ஊர் உப்புக்காற்றில் ஈரம் ஏறிய தாளுக்கு ஒரு புளிப்பு வாடை உண்டு, அது வந்துவிட்டால் அந்தப் புத்தகம் பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். அப்புறம் நடுவில் திறந்து தையலைப் பார்க்க வேண்டும். தாளின் மூலையை மெல்ல மடித்துப் பார்க்க வேண்டும், ஒடிகிறதா வளைகிறதா என்று. தொகுதி என்றால் ஒவ்வொரு பாகமும் இருக்கிறதா, எல்லாம் ஒரே பதிப்பா, இடையில் தாள் விடுபட்டிருக்கிறதா என்று சரிபார்க்க வேண்டும். பழையது வேறு, அரியது வேறு. தங்க எழுத்து போட்ட ஆங்கிலத் தொகுதிகள் அநேகமாக எல்லா நூலகத்திலும் இருக்கும். இப்போது ஜாஸ்மின் சொல்வதுபோல் போனிலும் இருக்கும். சாணித்தாள் அட்டையோடு, மிஷன் அச்சகத்தில் ஒரே தடவை அடித்த தமிழ் வியாக்கியானம் எங்கேயும் இருக்காது. கறுத்துப்போய் இருந்தாலும் அதைத்தான் வாங்க வேண்டும். ஜாஸ்மினுக்கு என் பதில் அவ்வளவுதான்.

இதற்கெல்லாம் மேலே, ஐயர் ஒரு சோதனை வைத்திருந்தார். புதிதாக ஒரு வியாக்கியானம் கையில் கிடைத்தால், மூன்று இடங்களைத் திறந்து சத்தமாக வாசிக்க வேண்டும். யெப்தா நேர்ந்துகொண்ட பொருத்தனைக்குத் தன் மகளையே பலியாகக் கொடுக்க நேர்ந்த இடம் ஒன்று. இயேசு அத்திமரத்தைச் சபித்த இடம் ஒன்று. இரண்டும் எந்தப் பிரசங்கியாரும் சுலபமாகத் தாண்ட முடியாத இடங்கள். அங்கே நழுவிப் போகிற ஆசிரியர் மற்ற இடத்திலும் நழுவுவார். மூன்றாவது, உள்ளதையெல்லாம் விற்று விலையேறப்பெற்ற ஒரே முத்தை வாங்கிய வியாபாரியைப் பற்றிய உவமை. அதில் கஷ்டம் ஒன்றும் இல்லை. "முத்தப் பத்தி எழுதுதவன் கடலைப் பாத்திருக்கானா இல்லையான்னு ரெண்டு வரியில தெரிஞ்சிரும்" என்பார்.

வாசிப்பது நான். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். கண்ணால் படித்தால் ஆசிரியரின் பேரும் அச்சும் மயக்கிவிடும், காதுக்கு அந்த மயக்கம் இல்லை என்பது அவர் எண்ணம். ஒரு நிபந்தனை உண்டு. தொடங்கினால் அந்தப் பகுதி முடியும் வரை நிறுத்தக் கூடாது. பாதி கேட்டுத் தீர்ப்புச் சொல்வது எழுதினவருக்குச் செய்கிற அநியாயம் என்பார். வாசித்து முடித்ததும் அவர் வாயைத் திறக்காமல் முதலில் என்னிடம் கேட்பார்: "சொல்லும், வாங்கலாமா?" அவர் முந்திச் சொன்னால் என் அபிப்பிராயம் அவர் பக்கம் சாய்ந்துவிடுமாம்.

இப்படியே பல வருஷம் போயிற்று. பிறகுதான் சாகுபுரம்.

அங்கே ரசாயன ஆலையின் குடியிருப்பில் ஒரு வீடு. அந்த வீட்டு மகன் ஆலையில் வேலை பார்க்கிறவர், வேறு ஊருக்குப் போகப் போகிறார், வீட்டைக் காலி செய்ய வேண்டும். அவருடைய அப்பா ஒரு போதகர், முந்தின வருஷம் இறந்தவர். புத்தகங்கள் அவருடையவை. நாங்கள் போனபோது மகன் வேலைக்குப் போயிருந்தார். ஐயரம்மா மட்டும் இருந்தார். வெள்ளைச் சேலை, நல்ல உயரம், பேச்சில் ஒரு கணீர். வந்தவர்களை உட்கார வைத்து, முறுக்கும் காபியும் வைத்து, எங்கள் ஐயர் கேட்ட எல்லாவற்றுக்கும் நிதானமாகப் பதில் சொன்னார்.

ஆங்கிலத் தொகுதிகள் நாங்கள் எதிர்பார்த்ததுதான். எங்களிடம் இருப்பவை, அதிலும் நடுவில் பாகங்கள் குறைந்தவை. நான் கீழ்த்தட்டுக்குக் குனிந்தேன். செய்தித்தாளில் சுற்றி, வேப்பிலை போட்டு, கட்டாக வைத்திருந்தது ஒரு தமிழ் வியாக்கியானம். எங்கள் நூலகத்தில் அதில் ஒரே ஒரு பாகம்தான் இருந்தது, அதுவும் கரையான் தின்றது. இங்கே முழுத் தொகுதியும் இருந்தது. தாள் வளைந்தது, ஒடியவில்லை. தையல் அப்படியே இருந்தது. எழுதியவர் முன்னொரு காலத்தில் இந்தக் கரையிலேயே ஊழியம் செய்த போதகர், அவர் பேர் இங்கே வேண்டாம். ஐயரின் முகத்தைப் பார்த்தேன். கேட்காமலே தெரிந்தது. இதற்காகத்தான் அவர் இத்தனை வீடு ஏறி இறங்கியிருக்கிறார்.

"எங்க ஐயரு பிரசங்கத்துக்கு வேற எதையும் தொடமாட்டாவ. இது ஒண்ணுதான்" என்றார் ஐயரம்மா.

"வாசியும்" என்றார் ஐயர், கண்ணை மூடிக்கொண்டு.

யெப்தாவை வாசித்தேன். நழுவாமல் எழுதியிருந்தார். அத்திமரத்தை வாசித்தேன். ஐயர் லேசாகத் தலையசைத்தார், அது அபூர்வம். முத்து வியாபாரிக்கு வந்தேன். ஆசிரியர் கடலைப் பார்த்தவர் என்பது உடனே தெரிந்தது. மூச்சடக்குவதைப் பற்றியும், சிப்பி அழுகும் நாற்றத்தைப் பற்றியும் அவ்வளவு சரியாக எழுதியிருந்தார். எனக்கே சந்தோஷமாக இருந்தது. பக்கத்தைத் திருப்பினேன்.

அதற்கு மேல் இப்படி இருந்தது:

"இக்கரையிலே முத்துக்குளிக்கிற ஜனங்களும் ஒரு காலத்திலே ஞானஸ்நானம் பெற்றார்கள். ஆயினும் அவர்கள் தேடினது விலையேறப்பெற்ற அந்த முத்தையல்ல, தங்கள் தோணிகளுக்குக் காவலையே. பகைவருக்குப் பயந்து பறங்கியின் குடைக்குக் கீழே ஒதுங்கினவர்கள், மழை விட்ட பின்பும் வெளியே வந்து சூரியனைக் கண்டார்களில்லை. இவர்கள் தண்ணீரில் மூழ்கியும் நனையாதவர்கள். இவர்களுடைய பிள்ளைகளின் பிள்ளைகளும் அப்படியே இருக்கிறார்கள்."

இரண்டாவது வாக்கியத்திலேயே எங்கே போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நிறுத்தக் கூடாது என்பது எங்கள் வழக்கம். கூடத்து மின்விசிறி டக்டக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. என் வாய் ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிக்கொண்டு போனது. யாரோ என் சட்டையைக் கழற்றச் சொல்லி, நானே பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றுவதுபோல் இருந்தது. முடித்துவிட்டுப் புத்தகத்தை மடியில் வைத்தேன். தலையை நிமிர்த்தவில்லை.

ஐயரம்மாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. "இந்த எடம் எங்க ஐயருக்கு ரொம்பப் பிடிக்கும். மூழ்கியும் நனையாதவர்கள்னு எத்தன பிரசங்கத்துல சொல்லிருப்பாவ! சொல்லும்போதே கோயில்ல எல்லாரும் நிமிந்து உக்காருவாவ. தம்பி அதை விட அழகா வாசிக்கிய." பிறகு காபித் தம்ளரை என் பக்கம் நகர்த்திக்கொண்டே கேட்டார்: "தம்பிக்கு எந்த ஊரு?"

ஐயர் கண்ணைத் திறந்ததை நான் பார்க்கவில்லை, உணர்ந்தேன்.

"புன்னைக்காயல்" என்றேன்.

அந்த அம்மாவின் கை தம்ளரிலேயே நின்றது. புன்னைக்காயல் அங்கிருந்து அதிக தூரமில்லை. போர்த்துக்கீசியர் காலத்தில் ஞானஸ்நானம் பெற்ற முத்துக்குளிக்காரர்களின் வம்சம்தான் அங்கே என்று தெரியாதவர் அந்தப் பக்கம் யாரும் இல்லை. அவர் என்னைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார், மறுபடியும் என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த பூரிப்பு இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் எனக்கு அதிகக் கஷ்டமாக இருந்தது. நான் வேறு ஏதாவது ஊரைச் சொல்லியிருந்தால் அவருக்கு இந்தக் கதி இல்லையே என்று தோன்றியது.

எதையாவது பேச வேண்டும் என்று ஐயர் நினைத்திருப்பார் போலிருக்கிறது. வழக்கமாகக் கேட்பதையே கேட்டுவிட்டார்.

"சொல்லும். வாங்கலாமா?"

கேட்ட பிறகுதான் அவருக்கே உறைத்தது. கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்கணும் ஐயா. முழுசா வாங்கணும்."

ஐயரம்மா எழுந்து உள்ளே போனார். வரும்போது கையில் மகனுடைய சவர பிளேடு. "இந்தப் பக்கம் வேண்டாம். இத மட்டும் எடுத்திருவோம். தம்பி, குடுங்க அத."

"வேண்டாம்மா."

"குடுங்கன்னா! இத்தன நாளு இத வீட்டுல வச்சிக்கிட்டு, வந்த பிள்ளையையே வாசிக்க வச்சி, அதுக்கு நான் அழகா வாசிக்கியன்னு வேற…"  அவர் பிளேடோடு குனிந்தபோது ஐயர் எட்டித் தன் உள்ளங்கையை அந்தப் பக்கத்தின் மேல் விரித்து வைத்தார். 

நான்தான் பேசினேன். "ஒரு தாள் போனா தொகுதியே குறையாயிரும்மா. அப்புறம் அதுக்கு மதிப்பில்ல." தொழில்காரன் சொல்ல வேண்டிய பதில். அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன் என்றுகூடச் சொல்லலாம். மனசுக்குள் இருந்தது வேறு. வெட்டிவிட்டால் அந்த ஆசிரியர் அப்படி எழுதவே இல்லை என்று ஆகிவிடும். நான் மட்டும் அதை வாசித்தவனாகத் தனியே நிற்பேன்.

ஐயரம்மா பிளேடை ஜன்னல் திண்டில் வைத்தார். அந்தப் பாகத்தை என் மடியிலிருந்து எடுத்து மாரோடு அணைத்துக்கொண்டார்.

"அப்ப இத தரமாட்டேன். மத்ததெல்லாம் கொண்டு போங்க. இத நாலு பேரு வாசிக்கிற எடத்துல வைக்கமாட்டேன்."

ஒரு பாகம் இல்லாமல் மற்றதை எடுத்துப்போக எங்களுக்கும் மனம் வரவில்லை. ஐயர் யோசித்துச் சொல்கிறோம் என்று சொல்லி எழுந்தார். மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே விடைபெற்றோம்.

ஜீப் ஆத்தூர் தாண்டியதும் ஐயர் வெற்றிலைக் கொடிக்கால் ஓரமாக வண்டியை நிறுத்தினார். எஞ்சினை அணைக்காமலே, முன்னால் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அந்தப் பக்கத்த நான் படிச்சிருக்கேன். மாணவனா இருக்கும்போது. இன்னைக்கு நீரு வாசிக்கத் தொடங்கும்போது எனக்கு ஞாபகமே வரல்ல."

"பரவாயில்ல ஐயா."

"பரவாயில்லன்னு சொல்லாதேயும். அது எனக்கு வலிக்கல. அதனாலதான் மறந்துபோச்சு."

அவர் காதோரம் சிவந்திருந்தது. இத்தனை பெரிய மனிதர் என்னிடம் இப்படிப் பேசுவதைக் கேட்டு எனக்கு மறுபடியும் வெட்கமாகப் போயிற்று. என்னால்தானே இது என்று தோன்றியது. யாரோ எப்போதோ எழுதியதற்கு நான் ஏன் குற்றவாளிபோல் உட்கார்ந்திருக்கிறேன் என்று அப்போது யோசிக்கத் தெரியவில்லை. வீட்டில் மனைவியிடம் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனபோது அம்மாவிடமும் சொல்லவில்லை.

சில வாரம் கழித்து, மத்தியானம், நூலகத்தில் நான் தனியாக இருந்தபோது ஐயரம்மா வந்து நின்றார். பஸ்ஸில் வந்திருக்கிறார். தோளில் ஒரு துணிப்பை. அதில் என்ன இருக்கிறது என்று பையின் வடிவத்திலேயே தெரிந்தது.

"இத தாரேன் தம்பி. ஆனா அதுக்கு முந்தி என்னைய ஒங்க ஊருக்குக் கூட்டிட்டுப் போங்க."

"எதுக்கும்மா?"

"சாகுபுரத்துல இத்தன வருசம் இருந்திருக்கேன். ஆத்தூரு வரைக்கும் பஸ்ஸுல வருவேன், போவேன். அந்தப் பக்கம் திரும்பிப் பாத்ததில்ல. பாக்காமலே ஆமென் சொல்லிருக்கேன்."

எனக்குப் போக விருப்பமில்லை. அதை எப்படிச் சொல்வது என்று தெரியாததால் போனேன். சனிக்கிழமை, ஆத்தூரில் பஸ் மாறி, புன்னைக்காயலில் இறங்கினோம். முதலில் கோயிலுக்குப் போனோம். ஐயரம்மா கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தார். இரண்டு பெண்கள் மெழுகுவர்த்தி கொளுத்திவிட்டு முழந்தாளில் இருந்தார்கள். ஒருத்தி கரையில் வலை வேலையிலிருந்து நேரே வந்தவள்போல, பாவாடை விளிம்பில் மணல். ஐயரம்மா அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார், பீடத்தைப் பார்க்கவில்லை. நான் வாசலில் நின்று, இவர் இதோடு திரும்பிவிட்டால் நல்லது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

திரும்பவில்லை. வீட்டுக்குப் போக வேண்டும் என்றார்.

அம்மா குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்தார். அப்பா அப்போது உயிரோடு இல்லை. தம்பி கடலுக்குப் போயிருந்தான். கையைக் கழுவிவிட்டு வந்த அம்மா, வந்திருப்பது யார், என்ன என்று ஒன்றும் கேட்காமல் டீயும் விஸ்கோத்தும் கொண்டுவந்து வைத்தார். ஐயரம்மா டீயைத் தொடவில்லை.

"ஒங்ககிட்ட மன்னிப்புக் கேக்க வந்தேன்" என்றார்.

அம்மா என்னைப் பார்த்தார். "என்னலே சொல்லுதாவ?"

"ஒண்ணுமில்லம்மா. ஒரு பழைய புஸ்தகத்துல நம்ம ஊரப் பத்தி ஏதோ…"

"அப்படி இல்ல தம்பி. அதுல உள்ளபடியே சொல்லுங்க" என்றார் ஐயரம்மா.

பையிலிருந்து புத்தகத்தை எடுக்கப் போனார். தேவைப்படவில்லை. நான் அதை ஒரே தடவைதான் வாசித்திருந்தேன். அம்மாவின் முன்னால் நின்று சொல்லத் தொடங்கியதும், ஒரு சொல்லும் பிசகாமல் அத்தனையும் வந்தது. பிள்ளைகளின் பிள்ளைகள் வரைக்கும். ஏழாம் வகுப்பில் ஜெப மந்திரம் ஒப்பிப்பதுபோல் தரையைப் பார்த்துக்கொண்டு சொல்லி முடித்தேன்.

அம்மா என் முகத்தைப் பார்த்தார்.

"முங்குனா நனையாம எப்படிலே?" என்றார்.  

"காவலுக்குத்தான் போனாவன்னு எழுதிருக்காரா? சரிதான். காவலுக்குத்தான் போயிருப்பாவ. பின்ன பயம் வந்தா சாமிகிட்ட போவாம வேற யாருகிட்ட போறது? எளையவன் இப்ப கடல்ல நிக்கான். காலைல நான் கோயிலுக்கு எதுக்குப் போனேன்? காவலுக்குத்தான்." ஐயரம்மா பக்கம் திரும்பினார். "நீங்க எதுக்கும்மா போவிய?"

ஐயரம்மா, "எங்க ஐயரு படுத்த படுக்கையா கெடக்கும்போது…" என்று தொடங்கினார். முடிக்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நானும் அதுக்குத்தான்."

"பின்ன என்ன மன்னிப்பு? டீ ஆறுது, குடிங்க. ஊளி மீனு திம்பியளா? கொழம்பு வைக்கப் போறேன்."

ஐயரம்மா சாப்பிட இருக்கவில்லை, மகனுக்குச் சொல்லாமல் வந்திருப்பதாகச் சொன்னார். ஆனால் டீயைக் குடித்துவிட்டு, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். இரண்டு பேரும் பிள்ளைகளைப் பற்றி ஏதோ பேசிக்கொண்டார்கள். நான் அதைக் கேட்கவில்லை.

பஸ் நிறுத்தத்தில் பையை என் கையில் கொடுத்தார். "கிழிக்கல. முழுசா இருக்கு. மத்ததையும் வந்து எடுத்துக்கிடுங்க." அடுத்த வாரமே போய் எடுத்தோம். ஐயர் தன் கையாலேயே ஒவ்வொரு பாகத்தையும் ஜீப்பில் அடுக்கினார். இப்போதும் அது நூலகத்தில் இருக்கிறது. தமிழில் அதுபோல ஒரு வியாக்கியானம் வேறு இல்லை. அதை வாங்கியது சரிதான் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

ஆனால் அன்றைக்குப் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது ஐயரம்மா கேட்டதைச் சொல்ல வேண்டும்.

"ஒங்க அம்மாட்ட இத முன்னாடியே சொல்லிருக்கலாமே தம்பி. ஏன் சொல்லல?"

"வெக்கமா இருந்துச்சும்மா."

"ஒங்களுக்கு என்ன வெக்கம்? எழுதினது வேற ஒருத்தரு. பிரசங்கம் பண்ணது எங்க ஐயரு. ஆமென் சொன்னது நானு. நீங்க வாசிக்கத்தான செஞ்சிய?"

பஸ் வந்துவிட்டது. அவரை ஏற்றிவிட்டேன். ஜன்னலோரம் உட்கார்ந்து கையசைத்தார்.

அவருக்குப் பதில் சொல்லவில்லையே தவிர, பதில் எனக்குத் தெரியும். பாளையங்கோட்டைக்குப் படிக்கப் போன நாளிலிருந்து எங்கள் ஊர்க்காரர்களின் பக்தியைப் பற்றி நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பயந்தால் மெழுகுவர்த்தி, மீன் பட்டால் மெழுகுவர்த்தி, இவர்களுக்கு வேறு என்ன தெரியும் என்று. எங்கள் அம்மா முழந்தாளில் இருப்பதைப் பார்த்தே அப்படி நினைத்திருக்கிறேன். அதை எழுதிய போதகர் எனக்குப் புதிதாக எதையும் சொல்லவில்லை. நான் நினைத்ததை என் வாயாலேயே அடுத்தவர் வீட்டில் வாசிக்க வைத்தார், அவ்வளவுதான்.

வீட்டுக்குத் திரும்பினேன். குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அம்மா தட்டை வைத்து, "உக்காருலே" என்றார். உட்கார்ந்தேன். பெரிய துண்டாகப் பார்த்து எடுத்து வைத்தார். நல்ல பசி. தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டு முடித்தேன்.